கயிற்றில் பச்சைக் கல்லுமக்காய் வளர்ப்பு: முதன்முறை செய்பவர்களுக்கு

கல்லுமக்காய் என்பது இரண்டு ஓடுகள் கொண்ட, உணவாகும் கடல் சிப்பி. அதற்குத் தீவனம் போட வேண்டியதில்லை. தன்னைச் சுற்றியுள்ள நீரை வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்பாசியைத் தின்றே வளர்கிறது. சாக்கடைக் கிருமி கலந்த நீராக இருந்தால் அதையும் சேர்த்தே உள்ளே இழுத்துக்கொள்ளும். எனவே இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

இடம்

அலை அடங்கிய, ஆனால் நீரோட்டம் நிற்காத கழிமுகமோ விரிகுடாவோ தேவை. வற்று நேரத்திலும் (கடல்நீர் இறங்கியிருக்கும் வேளை) ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் ஆழம் இருக்க வேண்டும். உப்பு லிட்டருக்கு 27 முதல் 35 கிராம், வெப்பம் 26 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது. ஒருநாள் அளந்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். மழைக்காலத்தில் ஆற்று நீர் பெருகி வரும்போது உப்பு எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் முக்கியம். நன்னீர் வந்தால் காய் தன் இரண்டு ஓடுகளையும் இறுக மூடிக்கொண்டு சில நாள் தாக்குப்பிடிக்கும். வெள்ளம் நீடித்தால் கொத்துக் கொத்தாகச் செத்துவிடும். ஆகவே மழை ஓய்ந்து உப்பு ஏறியதும் விதைத்து, அடுத்த மழைக்கு முன் அறுவடையை முடிக்கத் திட்டமிடுங்கள். கழிவுநீர் வாய்க்கால், படகுத்துறை, ஆலைக் குழாய் பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். நீர்ப்பரப்பைப் பயன்படுத்தும் அனுமதியையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

விதை

15 முதல் 25 மில்லிமீட்டர் நீளமுள்ள, ஒரே அளவான கல்லுமக்காய்க் குஞ்சுகள்தான் விதை. சேறு போகக் கடல்நீரில் அலசி, நண்டு, கொட்டலசு (ஓட்டில் ஒட்டி வளரும் சிறு கடலுயிர்) ஆகியவற்றைப் பொறுக்கி எடுங்கள். ஈரச் சாக்கில் மூடி நிழலில் வைத்து, அன்றைக்கே கயிற்றில் ஏற்றுங்கள். வாளித் தண்ணீரில் குவித்து வைத்தால் மூச்சுத் திணறிச் செத்துப்போகும்.

கயிற்றில் ஏற்றுதல்

12 முதல் 14 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் கயிறு எடுத்து, காய் சரியாமல் இருக்க 25 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு போடுங்கள். 25 சென்டிமீட்டர் அகலப் பருத்திக் கொசுவலைத் துணியை விரித்து, மீட்டருக்கு 500 முதல் 750 கிராம் விதையைச் சீராகப் பரப்புங்கள். நடுவில் கயிற்றை வைத்து, துணியைச் சுற்றி இறுகத் தையுங்கள்.

துணி பருத்தியாகத்தான் இருக்க வேண்டும். குஞ்சு தான் சுரக்கும் நூலால் கயிற்றைப் பற்றிக்கொள்ள ஓரிரு நாள் எடுக்கும். அதற்குள் பருத்தி இற்று உதிர ஆரம்பிக்கும். நைலான் வலைத்துணி இற்றுப்போகாது, காய்கள் உள்ளேயே நெருக்குண்டு நிற்கும். தையல் தளர்ந்தாலோ விதை அடிமண்ணுக்குப் போய்விடும். அதிக விளைச்சலுக்கு ஆசைப்பட்டு மீட்டருக்கு ஒரு கிலோ ஏற்றுவதும் வீண்: வெளி அடுக்குக்குக் கயிற்றில் பிடிப்பு கிடைக்காது, வளர வளரப் பாளமாக உரிந்து விழும்.

100 மீட்டருக்கு ஏறக்குறைய 60 கிலோ விதை வாங்குங்கள்.

தொங்கவிடுதல், பராமரிப்பு

கம்பங்களைச் சேற்றில் ஆழமாக நட்டு, குறுக்குக் கழிகளைக் கட்டி, அரை மீட்டருக்கு ஒரு கயிறாகத் தொங்கவிடுங்கள். விதை உள்ள பகுதி வற்றிலும் நீருக்குள் இருக்க வேண்டும். நுனி தரையிலிருந்து அரை மீட்டர் மேலே நிற்க வேண்டும். தரையைத் தொட்டால் நண்டு ஏறும், சேறு அடைக்கும்.

முதல் இரண்டு வாரம் மீன்கள் குஞ்சுகளைக் கொத்தித் தின்னும். சுற்றிலும் வலை கட்டினால் தடுக்கலாம், ஆனால் அதில் பாசி படிந்தால் நீரோட்டம் குறையும், அடிக்கடி தேய்த்துவிடுங்கள். காய் பருத்ததும் கயிறு கனக்கும். கழி வளைகிறதா, முடிச்சு நெகிழ்கிறதா என வாரம் ஒருமுறை பாருங்கள்.

அறுவடை

ஐந்தாறு மாதத்தில் 60 முதல் 70 மில்லிமீட்டர் வரை வளரும். நல்ல இடத்தில் மீட்டருக்குப் பத்து கிலோவுக்கு மேல் கிடைக்கும். பறித்ததும் கழுவி, கிருமி நீக்கிய சுத்தமான கடல்நீர் ஓடும் தொட்டியில் 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். சதையில் 100 கிராமுக்கு ஈ.கோலை (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) எண்ணிக்கை 230-க்கு மேல் இருக்கக் கூடாது, ஆய்வகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நச்சுப்பாசி பெருகிய நீரில் எடுத்த காய்க்கு இந்தத் தொட்டி போதாது. பாசி நச்சு வேகவைத்தாலும் அழியாது, ஆளைக் கொல்லக்கூடியது. நீரின் நிறம் மாறினாலோ, சுற்றுப்புறத்தில் எச்சரிக்கை வந்தாலோ அறுவடையை நிறுத்துங்கள். ஆய்வில் நச்சு நீங்கியது உறுதியாகும் வரை காய் கயிற்றிலேயே இருக்கட்டும்.