உலக இலக்கியம் படிக்க ஆரம்பிக்கிறீங்களா? இந்தத் தப்பை மட்டும் பண்ணாதீங்க

போன மாசம் எங்க வாசகர் வட்டத்துக்கு புதுசா வந்த ஒரு தம்பி, “சீனாவோட ‘மேற்கு நோக்கிய பயணம்’ முடிச்சுட்டேண்ணே, நாலே நாள்தான்”னு சந்தோஷமா சொன்னான். கையில இருந்தது ஒல்லியான புக். எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு, ஏன்னா பத்து வருஷம் முன்னாடி நானும் அதே புக்க அதே சந்தோஷத்தோட முடிச்சவன்தான். தினமும் படிங்க, கிளாசிக்னு பயப்படாதீங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சதெல்லாம் இங்க சொல்லப்போறதில்ல.

எந்த மொழிபெயர்ப்புன்னு பாக்காம வாங்குறது

இப்ப நினைச்சாலும் எரியுது.

அது 16ஆம் நூற்றாண்டு சீன நாவல், மொத்தம் 100 அத்தியாயம். காஞ்சிபுரம் வந்தார்னு ஸ்கூல்ல படிச்சோமே யுவான் சுவாங், அந்தத் துறவி இந்தியா வந்து பௌத்த நூல்களை எடுத்துட்டுப் போன பயணத்தைத்தான் குரங்கு, பன்னி, ஆத்துப் பூதம், குதிரையா மாறின டிராகன்னு துணைக்கு சேத்துவிட்டு பெரிய கதையா ஆக்கியிருப்பாங்க. நாங்க ரெண்டு பேரும் படிச்ச ஒல்லியான புக், ஆர்தர் வெய்லி 1942ல இங்கிலீஷ்ல கொண்டு வந்தது, அதுல இருக்குறது நூறுல 30 அத்தியாயம்தான், கவிதைகளையும் பெரும்பாலும் விட்டுட்டாரு. இதை மறைக்கவும் இல்ல, முன்னுரையிலேயே சொல்லியிருக்காரு. நான்தான் முன்னுரைய புரட்டக்கூட செய்யாம நேரா கதைக்குள்ள போயிட்டேன்.

போனதோட விட்டிருந்தா பரவால்ல, ஒரு சிற்றிதழுக்கு கட்டுரை வேற எழுதினேன், சீன நாவல்ல கவிதைக்கு நிக்கிற வழக்கமே இல்ல, உரைநடை மட்டும் வேகமா ஓடும்னு. அச்சுல வந்துச்சு. அடுத்த கூட்டத்துல ஒரு ரிட்டயர்டு பேராசிரியர் அமைதியா கேட்டாரு, “பெண்கள் மட்டுமே இருக்கிற நாட்டுல ஆத்துத் தண்ணியக் குடிச்சிட்டு துறவியும் பன்னியும் கர்ப்பமாவாங்களே, அதப்பத்தி ஏன் தம்பி ஒரு வரிகூட எழுதல?” அப்படி ஒரு இடம் இருக்குறதே எனக்குத் தெரியாது.

அப்புறம் அந்தோணி யூ மொழிபெயர்த்த நாலு வால்யூம் முழுப் பதிப்ப இரவல் வாங்கி ஆறு மாசம் படிச்சேன். முதல் அத்தியாயம் ஆரம்பிக்கிறதே ஒரு கவிதையிலதான், உள்ள நூத்துக்கணக்குல இருக்கு. கானல்வரிய வெட்டிட்டு சிலப்பதிகாரம் படிச்ச மாதிரிதான் நான் அதுவரைக்கும் படிச்சிருக்கேன். எரிமலை மாதிரி எரியற மலையத் தாண்ட விசிறி கேக்கப்போன குரங்கு, பூச்சியா மாறி டீயோட இரும்பு விசிறி இளவரசி வயித்துக்குள்ள போயி உதைக்கிறது, அதுவும் சின்ன பதிப்புல கிடையாது. இதுல இன்னொன்னு, கடைசில துறவி பட்ட இடர்களை எண்ணிப் பாப்பாங்க, 80தான் இருக்கும், ஒன்பது ஒன்பது 81 ஆகணும், ஒன்னு குறையுதுன்னு திரும்பவும் ஆத்துல தள்ளிவிடுவாங்க, கொண்டு வந்த சுவடியெல்லாம் நனைஞ்சு பாறை மேல காயப்போடுவாங்க. இந்த இடம் சின்ன பதிப்புலயும் இருக்கு. நான் படிச்சதுல எண்பது இடர் எங்க இருந்துச்சுன்னு அப்பவே எனக்குத் தோணியிருக்கணும்.

வெய்லி பதிப்பு மோசம்னு சொல்லல, உள்ள நுழைய அழகான வாசல் அது. ஆனா அதுதான் முழு வீடுன்னு நினைச்சுட்டு அந்த நாட்டு இலக்கியத்தப் பத்தியே தீர்ப்பு சொல்லாதீங்க. வாங்குறதுக்கு முன்னாடி பதிப்பு விவரப் பக்கத்தப் பாருங்க: யார் மொழிபெயர்ப்பு, மூலமொழியிலேர்ந்து நேரா வந்ததா இல்ல இங்கிலீஷ் வழியா வந்ததா, முழுசா சுருக்கமா, மூலத்துல எத்தனை அத்தியாயம். தமிழ்ல வர்றதுக்கும் இதேதான், அந்தப் பக்கத்துல மூலமொழி பேரே போடாத புக்க நான் கீழ வெச்சுடுவேன்.

“அட, இது நம்ம அனுமார்!”

எல்லாருக்கும் வர்ற ஆசைதான். இந்தக் குரங்கு அனுமார்லேர்ந்து வந்திருக்கலாம்னு சீன அறிஞர் ஹூ ஷி சொன்னாரு, சீன எழுத்தாளர் லூ சுன் சீனாவோட பழைய நீர்ப் பூதக் கதையைக் காட்டினாரு, அந்த விவாதம் இருக்கட்டும். ஆனா நம்மதுதான்னு முடிவு பண்ணிட்டா அப்புறம் அந்தக் குரங்கப் பாக்கவே மாட்டீங்க. அனுமாருக்கு பக்திதான் எல்லாம். இவன் சொர்க்கத்துக்கே நான் சமம்னு பட்டம் கேட்டவன், அங்கத்து பீச் பழத்தைத் திருடித் தின்னவன், அதுக்காக புத்தர் 500 வருஷம் மலைக்கடியில அடைச்சு வெச்சவன். தலையில ஒரு தங்க வளையம், துறவி மந்திரம் சொன்னா இறுகி மண்டை வலிக்கும், அப்படித்தான் ஆரம்பத்துல வழிக்கு வர்றான். வித்தியாசத்துலதான் எனக்கு அந்த நாடே தெரிஞ்சுது.

ஆய்வாளர் முன்னுரைய முதல்ல படிக்கிறது

முடிவச் சொல்லிடுவாங்க. மொழிபெயர்ப்பாளர் குறிப்பு மட்டும் முதல்ல.

அடிக்குறிப்பு

முதல் தடவை தாண்டிப் போங்க.

பேர்ல குழம்பி புக்க மூடுறது

அந்தக் குரங்குக்கே சுன் வூகோங், குரங்கு ராஜா, யாத்ரீகன்னு இடத்துக்கு இடம் வேற பேர். கடைசிப் பக்கத்துல பென்சில்ல ஒரு ஆளுக்கு ஒரு வரின்னு எழுதிக்கிட்டே வாங்க, இருபது பேருக்கு மேல எழுத வேண்டி வராது, அதுக்குள்ள பழகிடும்.