டெயில் கேஸ் ஃப்ளேர் அணைந்துகொண்டே இருந்தால்

சாண எரிவாயுவிலிருந்து சிபிஜி (அழுத்தப்பட்ட உயிர்வாயு) எடுக்கும் ஆலை. பிஎஸ்ஏ (அழுத்தத்தை ஏற்றி இறக்கி மீத்தேனைப் பிரிக்கும் கருவி) கழிக்கும் வாயுவில், அதாவது டெயில் கேஸில், மீத்தேன் சராசரி 8%தான், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. அதை எரித்துத் தீர்க்கும் ஃப்ளேர் ஓயாமல் அணைந்தது.

பைலட் பர்னரை மாற்றினோம், காற்றுத் தடுப்பு வைத்தோம், பலனில்லை. கனமீட்டருக்கு 3 மெகாஜூல் வெப்பம்கூடத் தேறாத வாயு; சாதாரண ஃப்ளேருக்கு 7.5ஆவது வேண்டும். எல்பிஜி கலந்தால் எரியும், செலவு கட்டுப்படியாகாது.

துப்பு கிடைத்தது நேரத்தில். பிஎஸ்ஏ வால்வு மாறும் அதே இடைவெளியில்தான் தீ அணைந்தது. பையில் பிடித்த சாம்பிள் சராசரியைத்தான் சொல்லும். ஆன்லைன் அனலைசரை வைத்ததும், அழுத்தம் இறங்கத் தொடங்கும்போது மீத்தேன் 20%, பிறகு 3% என்று தெரிந்தது.

ஃப்ளேரை விட்டு ஆர்டிஓவுக்கு (சூட்டைப் பீங்கான் படுகையில் தேக்கி வாயுவை எரிக்கும் கருவி) மாறினோம். பீங்கான் படுகையை 850 டிகிரிக்குச் சூடேற்றிவிட்டால் 1% மீத்தேனே தானாக எரியும். ஒரு பங்கு வாயுவுக்கு ஏழு பங்கு காற்று. ஆனால் 20% வரும் நொடியில் கலவை 2.5% ஆகும், தீப்பிடிக்கும் எல்லையே 5%. அதில் கால் பங்கான 1.25%ஐத் தாண்டினால் டிரிப், ஆர்டிஓ தானாக நின்றுவிடும். அதனால் இந்த ஏற்ற இறக்கத்தைக் கலந்து சமன்செய்ய முன்னால் ஒரு பஃபர் டேங்க் கட்டாயம். டேங்க் சிறியதானால் பின்னழுத்தம் ஏறி பிஎஸ்ஏ திணறும். 1% என்பது ஆர்டிஓவுக்குத் தேவையைவிட அதிகம். அதனால் மிகைச் சூட்டை வெளியே விடும் ஹாட் பைபாஸ் வால்வு இல்லாமல் வாங்காதீர்கள், படுகை அளவுமீறிச் சூடாகும்.