டிஃபோல்ட்டில் கை வைக்கும் முன்

மட்டக்களப்பில் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் சொஃப்ட்வெயார் பழகும் தம்பி ஒருவன் போன கிழமை தன் செட்டிங் ஃபைலைக் காட்டினான். 'எஃப்சின்க் = ஓஃப்' என்ற வரியைக் கண்டதும் எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. பேக்கப் எடு, பாஸ்வேர்டை மாற்று என்பதையெல்லாம் எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்வது இது: டிஃபோல்ட்டை, அதாவது போஸ்ட்கிரஸ் தானாக வைத்து வரும் செட்டிங்கை, எதற்கென்று தெரியாமல் மாற்றாதீர்கள்.

எஃப்சின்க்கை நிறுத்துவது

அதே வரியை நானும் எழுதியிருக்கிறேன். கல்முனைப் பக்கம் ஒரு நெல் மில். பெரும்போக அறுவடை, வாசலில் டிராக்டர் வரிசை. நிறுவைப் பதிவுகளை ஏற்றும்போது சிஸ்டம் இழுத்தது. எங்கோ படித்ததை நம்பி எஃப்சின்க்கை நிறுத்தினேன். பறந்தது! முதலாளி பிளேன்டீ வாங்கித் தந்தார்.

மூன்றாம் நாள் கரண்ட் போனது. யூபிஎஸ் பற்றரி செத்துக் கிடந்தது யாருக்கும் தெரியாது. கரண்ட் வந்த பிறகும் டேட்டாபேஸ் எழும்பவில்லை. "தம்பி, கணக்கு எங்க?" என்று முதலாளி கேட்டார். துண்டுச்சீட்டுகளை வைத்து இரண்டு இரவு திரும்ப அடித்தோம்.

கமிட் செய்த, அதாவது சேமி என்று உறுதிசெய்த, பதிவு உண்மையிலேயே டிஸ்க்கில் இறங்கும்வரை காத்திருக்க வைப்பதுதான் எஃப்சின்க். அதை நிறுத்திய நிலையில் கரண்ட் போனால், கடைசிப் பதிவுகளோடு நிற்காமல் முழு டேட்டாபேஸும் கெடலாம். வேகம்தான் வேண்டுமென்றால் 'சின்க்ரனஸ்_கமிட்'டை நிறுத்தலாம்; கடைசி ஒரு விநாடிக்கும் குறைவான பதிவுகள் போகலாம், டேட்டாபேஸ் கெடாது.

எனக்கு அதுகூடத் தேவைப்பட்டிருக்காது. வரிக்கு ஒரு கமிட் போட்டது என் புரோகிராம். நிமிடத்துக்கு 7,200 சுற்று ஓடும் ஹார்ட் டிஸ்க், விநாடிக்கு 120 தடவைதான் சுற்றும். ஒவ்வொரு கமிட்டும் அதற்குக் காத்து நிற்கும். அப்புறம் ஆயிரம் வரியை ஒரே டிரான்ஸாக்ஷனில், ஒரே கமிட்டாகப் போட்டேன். சரியாகிவிட்டது.

எல்லா டிஃபோல்ட்டையும் ஒன்றாகப் பார்ப்பது

எஃப்சின்க் காவலுக்கு இருக்கிறது. டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடமான 128 எம்பி 'ஷேர்ட்_பஃபர்ஸ்' அப்படியல்ல. சின்ன மெஷினிலும் ஓட வேண்டுமென்று வைத்தது. 16 ஜிபி ரேம் உள்ள தனிச் சேர்வரில் 4 ஜிபி கொடுத்துப் பாருங்கள். ரீஸ்டார்ட் செய்தால்தான் பிடிக்கும்.

வொர்க்_மெம்

குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, வரிசைப்படுத்தும் வேலைக்கு எடுக்கக்கூடிய ரேம் இது. 4 எம்பியை 256 ஆக்குகிறவர்களே, அது கனெக்ஷனுக்கு ஒன்று அல்ல. ஒரே குவெரிக்குள் வரும் ஒவ்வொரு சோர்ட்டுக்கும் தனித்தனி. 100 கனெக்ஷனால் பெருக்கிப் பாருங்கள்.

ஓட்டோவேக்யூம்

அழித்த, மாற்றிய வரிகளின் மிச்சத்தைத் தானாகத் துப்புரவாக்கும் வேலை இது. நிறுத்தாதீர்கள்.

பத்தையும் ஒன்றாக மாற்றுவது

அந்தத் தம்பியின் ஃபைலில் பத்து வரி மாறியிருந்தது. எது எதற்கென்று கேட்டேன், சிரித்தான். எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு, குவெரி எங்கே நேரம் எடுக்கிறது என்று காட்டும் 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்' ஓட்டினோம். தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் ஒன்று இல்லை, அவ்வளவுதான்.