எல்லாம் ஒன்றில் வேண்டுமா, தனித்தனியாக வேண்டுமா? கணினிப் பாதுகாப்பு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறை

போன மாதம் தெரிந்தவர் ஒருவரின் லேப்டாப்பைப் பார்த்தேன். ஆன் செய்து பிரவுசர் திறப்பதற்குள் பொறுமை போய்விட்டது. டாஸ்க்பாரின் வலது மூலையில் இருந்த சின்ன அம்புக்குறியை அழுத்தினால் இரண்டு ஆன்டிவைரஸ், ஒரு கிளீனர், ஒரு பூஸ்டர் என நான்கு ஐகான்கள். மூன்றை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்ததும் பழைய வேகம் வந்துவிட்டது. புதிதாக ஒன்றைப் போடும் முன் கீழே உள்ள வரிசையில் போய்ப் பாருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

படி 1: ஏற்கெனவே என்ன இருக்கிறது?

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போங்கள். நீங்கள் வேறு எதுவும் போடவில்லை என்றால் அங்கே மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஓடிக்கொண்டிருக்கும். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதலே முழு ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. வெளியிலிருந்து வரும் தேவையில்லாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலும் உண்டு.

தற்காலிகக் கோப்புகளை அழிக்க செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' இருக்கிறது. எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பு) டிரைவைப் பராமரிக்கும் வேலையையும் விண்டோஸ் தானே பார்த்துக்கொள்கிறது. அதற்குத் தனி டீஃப்ராக் (சிதறிக் கிடக்கும் கோப்புகளை அடுக்கும்) மென்பொருள் வேண்டாம்.

படி 2: என்ன குறைகிறது?

ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலானவர்களுக்குக் குறைவது பேக்கப்பும் (கோப்புகளின் மாற்றுப் பிரதி), பாஸ்வேர்டுகளைப் பத்திரமாகச் சேமித்து வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜரும்தான். சிலருக்கு விபிஎன் (இணையத் தொடர்பை மறைத்து அனுப்பும் வசதி), குழந்தைகளுக்கான கட்டுப்பாடு. 'வேகம் கூட்டும் மென்பொருள்' என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாததை 'டிஸேபிள்' செய்தாலே அந்த வேலை முடியும்.

ரெஜிஸ்ட்ரி (விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) கிளீனரும் வேண்டாம். அது காட்டும் நூற்றுக்கணக்கான 'பிழை'களில் பெரும்பாலானவை பயனில்லாமல் கிடக்கும் சிறு பதிவுகள். அவற்றை அழிப்பதால் வேகம் கூடாது. தவறான ஒன்று அழிந்தால் ஏதாவது நின்றுபோகும்.

படி 3: எந்த வகை?

தாளில் ஒன்றிரண்டு தேவைகள் மட்டும் இருந்தால் அதற்கான தனி மென்பொருளே போதும். என் பரிந்துரையும் அதுதான். மூன்று, நான்கு தேவைகள் இருந்து, வீட்டில் பல கணினிகளை நீங்கள் ஒருவரே கவனிக்கிறீர்கள் என்றால் ஆல்-இன்-ஒன் தொகுப்பு சுலபம்: ஒரே சந்தா, ஒரே திரை. ஆனால் அதில் ஆன்டிவைரஸ் நன்றாக இருக்கிறது என்பதற்காக விபிஎன்னும் நன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு பகுதியையும் தனியாக விசாரியுங்கள். ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய இரண்டு சோதனை அமைப்புகளும் ஆன்டிவைரஸ் முடிவுகளை இலவசமாகவே வெளியிடுகின்றன.

தனி மென்பொருள் என்றாலே ஆபத்தில்லை என்றும் சொல்ல மாட்டேன். 2017-ல் சிகிளீனர் என்ற பிரபலமான கிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பில், தயாரித்தவர்களுக்கே தெரியாமல் தீம்பொருளைச் சேர்த்து, அதிகாரப்பூர்வமான டவுன்லோடு வழியாகவே பரப்பிவிட்டார்கள். போடுகிற ஒவ்வொரு மென்பொருளும் நீங்கள் திறந்துவிடும் இன்னொரு கதவு. அதனால் எண்ணிக்கையைக் குறைவாக வையுங்கள்.

படி 4: காவலுக்கு ஒன்று மட்டும்

எந்த நேரமும் பின்னணியில் ஓடும் ரியல்டைம் பாதுகாப்பு ஒன்றுக்கு மேல் கூடாது. ஒரு கோப்பைத் திறந்தால் இரண்டும் அதையே பிடித்துச் சோதிக்கும், சில சமயம் ஒன்றையொன்று வைரஸ் என்று சந்தேகிக்கும். இன்னொரு ஆன்டிவைரஸ் போட்டால் டிஃபெண்டர் பொதுவாகத் தானே ஒதுங்கிவிடும். மூன்றாவதாகப் போடுவது அப்படி ஒதுங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சந்தேகம் வரும்போது மட்டும் ஓடவிடும் ஸ்கேனர் கூடவே இருக்கலாம், அது மோதாது.

படி 5: மாற்றும்போது

முதலில் பழையதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். சில நிறுவனங்கள் இதற்கென்றே தனி நீக்கும் கருவி தருகின்றன. இருந்தால் அதையும் ஓட்டி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு புதியதைத் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். இன்ஸ்டால் நடக்கும்போது 'நெக்ஸ்ட்' 'நெக்ஸ்ட்' என்று தட்டாமல், கூடவே வரும் டூல்பார் டிக்குகளை எடுத்துவிடுங்கள். சந்தா வாங்கியிருந்தால் அன்றே கணக்கில் புகுந்து சந்தாவின் தானியங்கிப் புதுப்பிப்பு (காலம் முடிந்ததும் தானாகவே பணம் எடுப்பது) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக விண்டோஸ் செக்யூரிட்டியை மறுபடி திறந்து, பாதுகாப்பு தருவதாக எந்தப் பெயரைக் காட்டுகிறது என்று சரிபாருங்கள்.