நின்றுபோன காரைக் கயிறு கட்டி இழுக்கும்போது
கந்தளாய் ரோட்டில் கார் நின்றுவிட்டால் கயிறு தேடுமுன் கியரைப் பாருங்கள். ஒட்டோ கியர், ஹைபிரிட் கார்களுக்குக் கயிறே வேண்டாம். எஞ்சின் ஓடாமல் சில்லு மட்டும் உருண்டால் ஒட்டோ கியர்பெட்டிக்குள் எண்ணெய் சுற்றாது, சூடேறிக் கெட்டுவிடும். ஹைபிரிட்டில் மின்மோட்டாரும் சேர்ந்து சுழன்று பழுதாகலாம். தூக்கிச் செல்லும் லொறிதான் வழி.

மெனுவல் கார் என்றால் நியூட்ரலில் போட்டு, 4-5 மீற்றர் கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி கட்டுங்கள். கருவிகளோடு டிக்கியில் கிடக்கும் கொளுக்கியைக் காரின் முன்பக்கத் துளையில் முழுதாகத் திருகி, கயிற்றை அதிலேயே மாட்டுங்கள்; பம்பரில் கட்டினால் பிய்ந்து வரும். பின்காரில் சாவி ஓனில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடாததால் இரண்டொரு மிதியோடு பிறேக் மிதி கல்லாக இறுகும், பலமாக மிதிக்க வேண்டிவரும். கயிறு தொய்ந்து சட்டென இறுகும்போதுதான் அறும். தொய்வு தெரிந்தவுடன் பின்னாலிருப்பவர் பிறேக்கை மெல்லத் தொடவேண்டும். வேகம் 30 கிலோமீற்றருக்குள்.