புது போன் பிடிக்கவில்லை: திருப்பிக் கொடுப்பதில் எங்கே சறுக்குகிறோம்?

புது போன் வந்த இரண்டாம் நாளே சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. பேட்டரி சாயங்காலம் வரை தாங்கவில்லை, படம் விளம்பரத்தில் பார்த்த மாதிரி விழவில்லை, சட்டைப் பையில் போட்டால் கனக்கிறது. "திருப்பிக் கொடுத்துடலாமா?" என்ற பேச்சு வீட்டில் ஆரம்பிக்கும். அதைத் தொட்டு அடுத்த கேள்வி, கடைக்காரர் எடுப்பாரா மாட்டாரா. அதற்கு முன்னால் நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: போன் பழுதா, இல்லை நமக்குப் பிடிக்கவில்லையா? இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கவுன்ட்டர் முன்னால் போய் நிற்கிறவர்கள்தான் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

மனசு மாறிவிட்டது என்பதற்காக மட்டும் பொருளைத் திருப்பித்தர நம் நாட்டுச் சட்டம் உரிமை கொடுக்கவில்லை. கடை தானாக அப்படியொரு சலுகை அறிவித்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. புதுச்சேரியில் இது கூடுதலாகக் குழம்பும். காரணம், பாரீஸ் சொந்தங்கள். "எங்க ஊர்ல 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம திருப்பலாமே" என்று மாமா சொல்வது உண்மைதான். ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அதுவும் இணையம் போன்ற வழிகளில் தொலைவிலிருந்து வாங்கியதற்குத்தான். அங்கேயே கடைக்குள் நடந்துபோய் வாங்கினால் அந்த 14 நாள் கிடையாது. மாமா கொண்டுவந்து கொடுத்த போனுக்கு இரண்டு வருடச் சட்ட உத்தரவாதம் இருக்கலாம். அதைக் கேட்க வேண்டியது பிரான்சில் விற்ற கடையிடம், நேரு வீதியில் இருக்கும் சர்வீஸ் சென்டரிடம் அல்ல.

பழுது என்றால் கதை வேறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள், எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. "பிரிச்சிட்டா எடுக்க மாட்டோம் அண்ணே, கம்பெனியைப் பாருங்க" என்று கடையில் சொல்வது பழக்கம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

நல்ல நாள் பார்த்துப் பிரிப்பது

ஆடித் தள்ளுபடியில் போனை வாங்கிவிட்டு, ஆடியில் புதுசு தொட வேண்டாம் என்று ஆவணி பிறக்கும்வரை பீரோவில் வைக்கிற வீடுகள் கடலூர்ப் பக்கம் இன்னும் இருக்கின்றன. தீபாவளிக்குப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று விலை குறைந்தபோதே வாங்கி ஒளித்து வைப்பதும் இதே கணக்குதான். நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆன்லைனில் மொபைலுக்குப் பெரும்பாலும் கிடைப்பது 7 நாள், அதுவும் டெலிவரி ஆன தேதியிலிருந்து. நீங்கள் பிரித்த தேதியை யாரும் கேட்கப்போவதில்லை. அஷ்டமி நவமி பார்த்தே ஆகவேண்டும் என்றால் ஆர்டர் போடும்போதே பாருங்கள்.

இன்னொன்று, அந்த 7 நாளும் பல போன்களுக்கு 'மாற்றித் தருதல்' மட்டும்தான். அதாவது அதே மாடல், அதே நிறம், இன்னொரு பெட்டி. கேமரா பிடிக்கவில்லை என்று மாற்றினால் அதே கேமராதான் மறுபடி வரும். வாங்கும் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'ரிட்டர்ன்' என்று இருக்கிறதா, 'ரீப்ளேஸ்மென்ட்' என்று இருக்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

போன் மேல் பழி போடுவது

முதல் இரண்டு மூன்று நாள் பேட்டரி வேகமாக இறங்குவது சாதாரணம். பழைய போனிலிருந்து ஆயிரக்கணக்கான படங்கள், வாட்ஸ்அப் பேச்சுகள், ஆப்கள் எல்லாம் வந்து இறங்குகின்றன. படங்களை வகைபிரிப்பது, முகங்களை அடையாளம் காண்பது, ஆப்களைச் சீர்படுத்துவது என்று உள்ளே வேலை ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் சூடும் ஏறும். இதை வைத்து முதல் நாளே தீர்ப்பு எழுதக்கூடாது. மூன்றாவது, நான்காவது நாள் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்தால் எது தின்கிறது என்று வரிசையாகக் காட்டும். ஒரே ஒரு ஆப் பாதியைத் தின்றால் குற்றவாளி அந்த ஆப். எதுவுமே பெரிதாகத் தின்னாமல், தூங்கும்போதும் கிடுகிடுவென இறங்கினால் சந்தேகப்பட நியாயம் இருக்கிறது.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுவெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் நிழலே அந்த எல்லையைத் தாண்டும். அப்போது எந்த போனும் சார்ஜ் ஏறுவதைத் தானாகவே மெதுவாக்கும், திரையின் வெளிச்சத்தைக் குறைக்கும். ஸ்கூட்டரின் முன்பக்கம் மாட்டி மேப் பார்த்துக்கொண்டே கடலூரிலிருந்து பாண்டி வரை மதியத்தில் வந்துவிட்டு, "ஹீட் ஆகுது" என்று புகார் சொன்னால் சர்வீஸ் சென்டரில் சிரிப்பார்கள். இரவில், மின்விசிறிக்குக் கீழே, சும்மா பேசும்போதே கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் அது புகார்.

அதிகம் ஏமாற்றுவது திரைமேல் ஒட்டும் கண்ணாடி. கடையில் பெட்டியைப் பிரித்த கையோடு பையன் டெம்பர்டு கிளாஸை ஒட்டிவிடுவான். அதன் பிறகு கைரேகை எடுக்கவில்லை, காதில் வைத்தால் திரை அணையவில்லை, ஓரத்தில் தொட்டால் வேலை செய்யவில்லை என்று மூன்று புகார் கிளம்பும். மூன்றுக்கும் அந்தக் கண்ணாடியே காரணமாக இருக்கலாம். திரைக்கு அடியில் கைரேகை படிக்கும் போன்களுக்குத் தடித்த கண்ணாடி ஒத்துக்கொள்ளாது. வளைந்த திரைக்குப் பசை ஊற்றி நீல விளக்கில் காயவைக்கிறார்களே, அது இன்னும் மோசம். பசை ஸ்பீக்கர் துளைக்குள் இறங்கினால், அது உங்களால் வந்த சேதம், வாரண்டி கிடையாது என்று கையை விரித்துவிடுவார்கள். என் யோசனை: திரும்பக் கொடுக்கும் கெடு முடியும்வரை கவர் மட்டும் போதும். திரையை வெற்றாக வைத்து முழு வெள்ளை, முழு கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறப் படத்தையும் திறந்து புள்ளி, கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருட்டறையில் வெளிச்சத்தைக் குறைத்தும் ஒருமுறை.

சிக்னலுக்கும் இதே நீதிதான். பிரெஞ்சுக்காரர் பகுதியில் இருக்கும் பழைய வீடுகளின் சுவர் ஒரு முழம் கனம். உள்கூடத்தில் எந்த போனுக்கும் மூச்சுத் திணறும். அதே சிம்மைப் பழைய போனில் போட்டு, அதே இடத்தில் நின்று பாருங்கள். அதில் நன்றாக எடுத்து இதில் எடுக்காவிட்டால்தான் பேச்சு. ஜியோ 5ஜி பயன்படுத்துகிறவர்கள் என்28 என்ற 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை போனில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. சுவரைத் தாண்டி உள்ளே வருவதில் அது கெட்டி. அது இல்லாத போன் பழுதான போன் ஆகாது. நாம் பார்க்காமல் வாங்கியது, அவ்வளவுதான்.

128 ஜிபி வாங்கினேன், காலியிடம் குறைவாக இருக்கிறதே என்பது புகாரே அல்ல. சிஸ்டம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்பது

அவசரப்படுகிறவர்களைவிட இவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். படத்தில் நிறம் மிகையாக வருவது, ஸ்க்ரோல் திக்குவது, அறிவிப்புகள் தாமதமாக வருவது எல்லாம் மென்பொருள் சங்கதி, சரியாகலாம். ஸ்பீக்கர் கரகரப்பது, மைக்கில் குரல் அடிக்கிணற்றிலிருந்து வருவது, பொத்தான் ஆடுவது, நடுமதியம் கடற்கரைச் சாலையில் நின்றால் திரையே தெரியாதது போன்றவற்றை எந்த அப்டேட்டும் சரி செய்யாது. கம்பெனி அப்டேட் எப்போது வேண்டுமானாலும் அனுப்பட்டும். உங்கள் கெடு அதற்காக நிற்காது. ஐந்தாம் நாள் இரவு வரை சந்தேகம் தீரவில்லையா, ஆறாம் நாள் காலையில் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள். அப்டேட் வந்து சரியானால் புகாரை ரத்து செய்துகொள்ளலாம்.

பழைய போனை முதல் நாளே தள்ளிவிடுவது

எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பழைய போன் பெரும்பாலும் திரும்ப வராது. புதியதைத் திருப்பிவிட்டு, பழையதும் இல்லாமல் மூன்று நாள் வங்கி ஓடிபிக்கு யார் போனைக் கேட்பது? அதனால்தான் பலர் பிடிக்காத போனையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள். எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் தொகை ரொம்பப் பெரிதாக இல்லை என்றால், கெடு முடிந்த பிறகு பழையதைத் தனியாக விற்பதே மேல் என்பேன்.

தவணையில் வாங்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடைக்குள்ளேயே மேசை போட்டு உட்கார்ந்து ஃபைனான்ஸ் போட்டுத் தருகிறார்களே, அந்தக் கடன் உங்களுக்கும் ஃபைனான்ஸ் நிறுவனத்துக்கும் இடையே உள்ளது. கடைக்காரரோடு தகராறு என்று கோபத்தில் தவணை கட்டாமல் விட்டால் அடிபடுவது கடன் கொடுக்கும் முன் வங்கிகள் பார்க்கும் உங்கள் சிபில் மதிப்பெண். போன் திரும்பிப் போய்விட்டது என்று கடை சொன்னாலும், கடன் கணக்கு மூடப்பட்டதற்கு எழுத்தில் ஒன்றை வாங்காமல் ஓயாதீர்கள். கிரெடிட் கார்டில் 'வட்டியில்லாத் தவணை' போட்டிருந்தால் வங்கி பிடித்த பிராசஸிங் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது.

பாண்டியில் மலிவு என்று வண்டி ஏறுவது

பெட்ரோலும் மதுவும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பவை, அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் ஒரு விலை. மொபைல் அப்படியில்லை, 2020 ஏப்ரல் முதல் 18 சதவீதம், கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் அதேதான், பாண்டி காமராஜர் சாலையிலும் அதேதான். விலை வித்தியாசமாகச் சொன்னால் அது அந்தக் கடையின் தள்ளுபடி, அல்லது பில் இல்லாத விலை. "பில் வேணும்னா கொஞ்சம் ஏறும்" என்று சொல்லும் கடையில் வாங்கினால், பழுது வரும் நாளில் எதைக் காட்டிப் பேசுவீர்கள்? பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா பாருங்கள்: புதுச்சேரிக் கடை என்றால் 34 என்று தொடங்கும், தமிழ்நாடு என்றால் 33. கூடவே *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), பெட்டியிலும் பில்லிலும் உள்ளதும் ஒன்றுதானா என்று அங்கேயே ஒத்துப்பாருங்கள். பெட்டியைக் குப்பையில் போடாதீர்கள்.

வாயால் சொல்லிவிட்டு வருவது

கடைக்குப் போனீர்கள், சொன்னீர்கள், "ரெண்டு நாள் பாருங்க சார்" என்றார்கள், வந்துவிட்டீர்கள். கெடு முடிந்தபின் நீங்கள் வந்ததற்கே சாட்சி இல்லை. அன்றைக்கே ஒரு மின்னஞ்சல், குறைந்தது ஒரு வாட்ஸ்அப் செய்தி: என்ன போன், எப்போது வாங்கியது, என்ன குறை, கேட்பது மாற்றா பணமா. குறை வந்துவந்து போகும் ரகமாக இருந்தால் வரும்போது இன்னொரு போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். சர்வீஸ் சென்டர் மேசையில் வைத்ததும் அது சமர்த்தாகிவிடும்.

சர்வீஸ் சென்டரில் ஜாப் ஷீட், அதாவது என்ன குறைக்காகப் போனை வாங்கிக்கொண்டார்கள் என்று எழுதிய சீட்டு, வாங்காமல் போனைக் கொடுக்கவே கூடாது. உங்கள் வார்த்தையிலேயே குறையை எழுதச் சொல்லுங்கள். கெடுவுக்குள் போயிருந்தால், திறந்து பழுது பார்க்கச் சம்மதிக்கும் முன் டிஓஏ சான்று, அதாவது வாங்கும்போதே பழுது என்ற சான்று, தரமுடியுமா என்று கேளுங்கள். பல நிறுவனங்களில் அந்தத் தாள் இருந்தால்தான் கடையில் புதுப் பெட்டி கிடைக்கும். ஒருமுறை பழுது பார்க்க ஒப்புக்கொண்டுவிட்டால் பேச்சு 'மாற்று' என்பதிலிருந்து 'ரிப்பேர்' என்பதற்கு இறங்கிவிடும், மறுபடி மேலே ஏற்றுவது கஷ்டம்.

அவசரமாக அழிப்பது

திருப்புவது முடிவாகிவிட்டால், வாட்ஸ்அப்பை பேக்கப் எடுங்கள். இ-சிம் போட்டிருந்தால் அதைப் பழைய போனுக்கு மாற்றிய பிறகே ரீசெட்; மறந்தால் ஓடிபி எதுவும் வராமல் நிற்பீர்கள். கூகுள் கணக்கை நீக்குங்கள், ஐபோன் என்றால் 'ஃபைண்ட் மை' அணைத்துவிடுங்கள். கணக்கை நீக்காமல் பூட்டியபடி அனுப்பிய போனை ஏற்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். யுபிஐ மறுபடி பழைய போனில் போடும்போது பல வங்கிகளில் முதல் 24 மணி நேரத்துக்கு ரூ.5,000 என்ற வரம்பு இருக்கும். வாடகை கட்டும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பேக் செய்வதை ஐஎம்இஐ தெரியும்படி வீடியோ எடுத்துவிடுங்கள்.

மறுத்துவிட்டால்

உண்மையான பழுது, எழுத்தில் புகார், ஜாப் ஷீட் எல்லாம் இருந்தும் மறுக்கிறார்கள் என்றால் முதலில் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். பல புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பாண்டியில் வாங்கிய போனுக்குப் பாண்டிக்கே அலைய வேண்டியதில்லை. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, கடலூர் ஆணையத்திலேயே மனு போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

பழுது எதுவும் இல்லை, பிடிக்கவில்லை, கெடுவும் போய்விட்டது என்றால் ஆணையம் வரை போய் நேரத்தைத் தொலைக்காதீர்கள். கனமான போனும் சுமாரான கேமராவும் சட்டத்தின் கண்ணில் குறை ஆகாது. விற்பதானால் சீக்கிரம் விற்க வேண்டும், வாரண்டி மாதங்கள் மிச்சம் இருக்கும்போதுதான் விலை நிற்கும். அதைவிட லாபம் வீட்டுக்குள் கைமாற்றுவது: உங்களுக்குக் கனக்கும் பெரிய திரை, சீரியல் பார்க்கும் அம்மாவுக்கு வசதியாகவே இருக்கும். கொடுக்கும்போது பில்லின் நகலையும் அவருடைய போனில் சேமித்துவிடுங்கள். வாரண்டிக்குப் போகும் நாளில் அதைத்தான் கேட்பார்கள்.