பழைய லேப்டாப் கிராஃபிக்ஸ் கார்டின் மின்செலவைக் குறைக்க: பயாஸை மாற்றி ஃப்ளாஷ் செய்வது எப்படி?

என்விடியா ஜிடிஎக்ஸ் 970எம் 2014 அக்டோபரில் வந்த கார்டு. அது உள்ள லேப்டாப்கள் இன்றும் நன்றாக ஓடுகின்றன. ஆனால் கேம் போட்டால் சூடு ஏறுகிறது, ஃபேன் இரைகிறது, கடைசியில் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. எப்படியும் இறங்கப்போகிற அந்த வேகத்தை நாமே முன்கூட்டி ஓர் அளவில் நிறுத்திவிட்டால் வோல்டேஜும் கூடவே இறங்கும். சூடும் மின்சாரமும் குறையும், ஃபிரேம் எண்ணிக்கையும் ஏறி இறங்காமல் ஒரே சீராக நிற்கும். அந்த எல்லையை கார்டின் பயாஸிலேயே, அதாவது கார்டு எப்படி இயங்க வேண்டும் என்று அதற்குச் சொல்லும் உள் நிரலிலேயே, எழுதிவைப்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். அப்படி எழுதுவதற்குப் பெயர்தான் ஃப்ளாஷ்.

கணக்கு எளிது. சிப் செலவழிக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடும். 970எம்மின் பூஸ்ட் வேகம், அதாவது சுமையின்போது தானாக ஏறும் வேகம், 1038 மெகாஹெர்ட்ஸ், அடிப்படை வேகம் 924. பூஸ்ட்டை விட்டுவிட்டு 924-இல் நிறுத்தினால் வேகத்தில் இழப்பு 11 சதவீதம். அதோடு வோல்டேஜ் 1.0-இலிருந்து 0.9-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.89-ஐ 0.81-ஆல் பெருக்கினால் 0.72. அதாவது சிப்பின் மின்செலவு கால் பங்குக்கு மேல் குறைகிறது. பதினொன்றைக் கொடுத்து இருபத்தெட்டை வாங்குகிறோம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பேட்டரி கூடுதல் நேரம் நிற்க வேண்டும் என்று வந்திருந்தால் இது உங்களுக்குப் பயன்படாது. இன்டெல் கிராஃபிக்ஸும் சேர்ந்து இருக்கும் லேப்டாப்பில், வேலை இல்லாதபோது என்விடியா கார்டு முழுவதுமாக அணைந்துதான் கிடக்கும். கேம், வீடியோ ரெண்டர் போன்ற கனமான வேலையின்போதுதான் பலன் தெரியும்.

உங்கள் கார்டில் இது முடியுமா?

இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, கார்டின் தலைமுறை. கெப்லர், மேக்ஸ்வெல் தலைமுறைகளில், அதாவது 600எம் முதல் 900எம் வரையிலான வரிசைகளில் பெரும்பாலானவற்றில், மாற்றிய பயாஸ் ஓடும். 2016-இல் வந்த பாஸ்கலிலிருந்து கதை வேறு. பயாஸில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது, கார்டே அதைச் சரிபார்க்கிறது, ஓர் எண்ணைத் தொட்டாலும் ஏற்காது. பாஸ்கலோ அதற்குப் பிந்தையதோ வைத்திருப்பவர்கள், கார்டின் வேகத்தை மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் நிரலைத் திறந்து கன்ட்ரோல், எஃப் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். வோல்டேஜ் வளைகோடு வரும். லேப்டாப் தயாரிப்பாளர் அதைப் பூட்டிவைக்கவில்லை என்றால் அங்கேயே வேலையை முடித்துவிடலாம், ஃப்ளாஷே வேண்டாம்.

இரண்டாவது, பயாஸ் எங்கே இருக்கிறது என்பது. எம்எக்ஸ்எம் எனப்படும் கழற்றி மாட்டும் கார்டில் பயாஸுக்கென்று தனி சிப் கார்டிலேயே இருக்கும். கிளிவோ நிறுவனம் செய்த உடலில் வந்த பல லேப்டாப்களும் எம்எஸ்ஐயின் ஜிடி72-ம் இந்த வகை. கிராஃபிக்ஸ் சிப் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால், அதன் பயாஸ் பெரும்பாலும் லேப்டாப்பின் முக்கிய பயாஸுக்குள் ஒரு துண்டாகப் பொதிந்திருக்கும். கார்டின் பயாஸைப் படிக்கவும் எழுதவும் உதவும் என்விஃப்ளாஷ் நிரலை ஓட்டும்போது, ஈப்ராம் (பயாஸ் இருக்கும் சிப்) கிடைக்கவில்லை என்று அது சொன்னால் உங்களுடையது அந்த வகைதான். அங்கேயே நிறுத்திவிடுங்கள். முக்கிய பயாஸில் கை வைத்தால், மாற்றிய பயாஸைத் தடுக்கும் இன்டெல் பூட் கார்ட் உள்ள லேப்டாப் திரும்ப எழுந்திருக்காமலே போகலாம். புதியவர்களுக்கான வேலை அல்ல அது.

ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா, தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்பதையும் முதலில் கவனியுங்கள். காய்ந்த பேஸ்ட்டுக்கு பயாஸ் மருந்தாகாது.

தேவையானவை

கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட், என்விஃப்ளாஷ், பயாஸ் கோப்பைத் திருத்தும் மேக்ஸ்வெல் 2 பயாஸ் ட்வீக்கர் 1.36 ஆகிய மூன்றும் வேண்டும். கெப்லர் கார்டு என்றால் கெப்லர் பயாஸ் ட்வீக்கர். என்விஃப்ளாஷில் சான்றிதழ் சரிபார்ப்பை நீக்கிய பதிப்பு ஒன்று உண்டு. மேக்ஸ்வெல்லில் மாற்றிய கோப்பை எழுத அதுதான் தேவை. டெக்பவர்அப் தளத்தில் கிடைக்கும். அப்புறம், பிளக்கில் செருகும் ஒரு வாட் மீட்டர். பல லேப்டாப் கார்டுகள் தங்கள் மின்செலவைச் சரியாகக் காட்டுவதில்லை என்பதால் இதை வாங்கிவிடுவது நல்லது. அளக்கும்போது பேட்டரி முழுக்க சார்ஜ் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சார்ஜுக்குப் போகும் மின்சாரமும் கணக்கில் ஏறிவிடும்.

பேக்கப்

கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, என்விஃப்ளாஷ் இருக்கும் ஃபோல்டருக்குப் போங்கள். நிரலின் பெயர், ஓர் இடைவெளி, இரண்டு கழித்தல் குறிகளோடு சேவ், மறுபடி ஓர் இடைவெளி, கோப்பின் பெயர். இதே கட்டளையை வேறு பெயரில் இன்னொரு முறை கொடுங்கள். இரண்டு கோப்புகளையும் விண்டோஸின் எஃப்சி கட்டளையால் பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இல்லை என்று வந்தால்தான் அது நம்பத்தக்க பேக்கப். ஒரு பிரதியை பென் டிரைவிலும் ஒன்றை இமெயிலிலும் போட்டுவையுங்கள். லேப்டாப்பிலேயே மட்டும் இருக்கும் பேக்கப், லேப்டாப் எழாதபோது உதவாது.

இணையத்தில் யாரோ மாற்றிவைத்த கோப்பை இறக்கி எழுதாதீர்கள். ஒரே 970எம்மில் 3 ஜிபியும் உண்டு, 6 ஜிபியும் உண்டு. மெமரி சிப் சாம்சங்காகவும் இருக்கலாம், ஹைனிக்ஸாகவும் இருக்கலாம். உங்கள் கார்டிலிருந்து எடுத்த கோப்பை மட்டுமே மாற்றுங்கள்.

ஃப்ளாஷுக்கு முன் சோதனை

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போகிறார்கள். எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. உங்கள் சிப் எவ்வளவு குறைந்த வோல்டேஜைத் தாங்கும் என்பதை எதையும் எழுதாமலே தெரிந்துகொள்ளலாம்.

ஆஃப்டர்பர்னரில் கோர் வேகத்தைக் கூட்டுங்கள். குறைக்க வந்த இடத்தில் ஏன் கூட்ட வேண்டும்? வோல்டேஜ் அட்டவணை மாறாமல் வேகம் மட்டும் 100 மெகாஹெர்ட்ஸ் கூடுகிறது என்றால், ஒவ்வொரு வோல்டேஜிலும் சிப் 100 கூடுதலாக ஓடிக் காட்டுகிறது என்று பொருள். அதையே திருப்பிப் பார்த்தால், பழைய வேகத்துக்கு அதைவிடக் குறைந்த வோல்டேஜ் போதும். லேப்டாப் கார்டுகளில் பெரும்பாலும் 135 வரை கூட்ட விடுவார்கள். 25, 25-ஆக ஏற்றி, ஒவ்வொரு முறையும் கார்டுக்குச் சுமை கொடுக்கும் யூனிஜின் ஹெவன் என்ற சோதனை நிரலை அரை மணி நேரம் ஓட்டுங்கள். திரையில் புள்ளி தெறித்தாலோ டிரைவர் விழுந்து எழுந்தாலோ எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். கடைசியாகச் சிக்கலின்றி ஓடிய எண்ணைக் குறித்துக்கொண்டு, ஆஃப்டர்பர்னரை ரீசெட் செய்துவிடுங்கள். பிறகு ஹெவனை இன்னொரு முறை ஓட்டி, வாட் மீட்டர் காட்டும் எண்ணையும் குறித்துவையுங்கள்.

கோப்பை மாற்றுதல்

பேக்கப்பின் நகல் ஒன்றை ட்வீக்கரில் திறங்கள். முதல் முறை ஒன்றே ஒன்றை மாற்றினால் போதும். பூஸ்ட் ஸ்டேட்ஸ் பகுதியில் பி00 என்ற நிலையில் ஜிபிசியின், அதாவது சிப்பின் கோர் பகுதியின், உச்ச வேகம் இருக்கும். அதை நீங்கள் விரும்பும் எண்ணுக்கு, நம் கணக்கில் 924-க்குப் பக்கத்தில் அட்டவணையில் உள்ள எண்ணுக்கு, இறக்குங்கள். வோல்டேஜ் வேகத்தோடு பிணைந்தது, தானாகவே இறங்கிவிடும். சேமித்தால் செக்சம்மை (கோப்பின் சரிபார்ப்பு எண்ணை) ட்வீக்கரே சரிசெய்யும். பல நாட்கள் இதோடு ஓட்டிப் பாருங்கள், நிறையப் பேருக்கு இதுவே போதும்.

இன்னும் குறைக்க வேண்டும் என்பவர்கள் வோல்டேஜ் அட்டவணைக்குப் போகலாம். வேகப் படிகள் சுமார் 13 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கும். சோதனையில் 100 தாங்கியது என்றால் அது ஏழு படி. ஏழையும் எடுத்துவிடாதீர்கள். மூன்று அல்லது நான்கு படி கீழே இருக்கும் வோல்டேஜை மேல் படிக்குக் கொடுங்கள். வெயில் காலத்தில் சிப் சூடாக இருக்கும்போதும் தடுமாறாமல் ஓட அந்த மிச்சம் வேண்டும். மெமரி வேகம், மற்ற நிலைகள், கீழ்ப்படிகள் எதையும் தொட வேண்டாம்.

எழுதுதல்

சார்ஜர் செருகியிருக்கட்டும், பேட்டரியும் நிறைந்திருக்கட்டும். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரைப் போட்டிருந்தால் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். வன்பொருள் மாறிவிட்டது என்று நினைத்து அது மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும். டிவைஸ் மேனேஜரில் என்விடியா கார்டை டிசேபிள் செய்யுங்கள். பிறகு என்விஃப்ளாஷில் புரொடெக்ட்ஆஃப் கட்டளை, அதாவது சிப்பின் எழுதும் பூட்டைத் திறப்பது. அடுத்து நிரலின் பெயரோடு மாற்றிய கோப்பின் பெயர். உறுதிப்படுத்தச் சொல்லி ஒய் எழுத்தைக் கேட்கும்.

அந்த இடத்தில் திரையை நிதானமாகப் படியுங்கள். அடையாள எண் பொருந்தவில்லை என்று எச்சரித்தால் நிறுத்துங்கள். அதைத் தாண்டிப் போகக் கட்டளையில் சேர்க்கும் ஆறு என்ற சுவிட்ச் இருப்பதாகப் பல இடங்களில் சொல்வார்கள். உங்கள் கார்டிலிருந்தே எடுத்த கோப்புக்கு அந்த எச்சரிக்கை வரவே கூடாது. வந்தால் கையில் இருப்பது தவறான கோப்பு.

எழுதி முடிய கொஞ்ச நேரம்தான் ஆகும். அதுவரை எதையும் தொடாதீர்கள். முடிந்ததும் கார்டை எனேபிள் செய்து ரீஸ்டார்ட். ஜிபியு-இசட்டில் பூஸ்ட் வேகத்தைப் பாருங்கள், ஹெவனை ஓட்டுங்கள், வாட் மீட்டரில் முன்பு குறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.

ஏதாவது தவறினால்

டிவைஸ் மேனேஜரில் கோட் 43 என்ற பிழை வந்தாலோ கேம் திறந்ததும் திரை உறைந்தாலோ பயப்பட வேண்டாம். இன்டெல் கிராஃபிக்ஸ் வழியாகத் திரை வரும் லேப்டாப் என்றால், மேலே சொன்ன அதே வழியில் பேக்கப் கோப்பைத் திரும்ப எழுதிவிடலாம்.

திரையே வராத லேப்டாப்புக்கு சிப்பில் நேரடியாக எழுத உதவும் சிஎச்341ஏ என்ற சிறிய புரோகிராமர் கருவியும் எட்டுக் கால் கிளிப்பும் வேண்டும். பேட்டரியைக் கழற்றி, கார்டை வெளியே எடுத்து, அதிலுள்ள எட்டுக் கால் சிப்பைத் தேடுங்கள். மேலே உள்ள எழுத்துகளை லென்ஸ் வைத்துப் படித்து, 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று அதன் டேட்டாஷீட்டில் பாருங்கள். 1.8 என்றால் அதற்கான அடாப்டர் இல்லாமல் கிளிப்பை மாட்டவே கூடாது. கறுப்பு நிற சிஎச்341ஏ போர்டுகளில் சிக்னல் கம்பிகளுக்கு 5 வோல்ட் போகும் குறை உண்டு, அதையும் சரிபார்த்த பிறகே மாட்டுங்கள். சிப்பில் புள்ளி போட்ட முதல் காலில் கிளிப்பின் சிவப்புக் கம்பி வர வேண்டும். முதலில் படித்துப் பாருங்கள். இரண்டு முறை படித்தும் ஒரே மாதிரி வந்தால் பேக்கப்பை எழுதலாம்.